முங்கிய பலேனோவும் இறந்தவர் பெயரில் இருந்த ஜாஸும்: பழைய கார் வாங்கியதில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வாங்கியவர்கள் திருப்பூரில் வசிக்கும் ஒரு குடும்பம். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, கணவர் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். கையில் இருந்த பழைய ஆல்டோவில் ஏறி இறங்க ஆசிரியையின் மாமியாருக்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை. சீட் கொஞ்சம் உயரமாகவும் கதவு அகலமாகத் திறப்பதாகவும் இருக்க வேண்டும், ஆனால் தெருவுக்குள் திருப்ப முடியாத பெரிய வண்டியும் வேண்டாம். அப்படித்தான் பிரீமியம் ஹேட்ச்பேக் பக்கம் வந்தார்கள். பலேனோ, ஐ20, ஜாஸ், போலோ, அல்ட்ராஸ் எல்லாம் இந்த வகை. நான்கு மீட்டருக்குள் அடங்கும், உள்ளே இடம் தாராளம்.

ஒதுக்கிய பணம் 5.5 லட்சம், வாங்கியபின் ரிப்பேருக்கு 50 ஆயிரம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்திருந்ததால், புதிதே வாங்கிவிடலாமா என்ற பேச்சும் வீட்டில் இருந்தது. புதிய பலேனோவின் ஆரம்ப மாடல் எக்ஸ் ஷோரூமில் ஆறு லட்சத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 13 சதவீதம். அதோடு காப்பீட்டையும் சேர்த்தால் ஏழு லட்சத்தை ஒட்டிப் போகிறது. கூட்டுறவுச் சங்கக் கடனை இன்னும் நீட்ட ஆசிரியைக்கு மனமில்லை. பழையதே போதும் என்று முடிவானது. புதிய வண்டி விலை இறங்கிய நேரம் என்பதால் பழைய வண்டிக்குக் கேட்கிற விலையிலும் பேரம் பேச இடம் இருந்தது.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்குத் துணையாகப் போகும் பழக்கம் எனக்கு உண்டு. இந்தக் குடும்பத்தோடும், அவர்கள் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக்கோடும் போனேன்.

முதல் வண்டி: காகிதம் சுத்தம்

தீபாவளிக்கு முந்தைய வாரம் கோவையில் ஒரு பழைய கார் விற்கும் இடத்தில் பலேனோவைப் பார்த்தோம். 2020 ஆகஸ்ட் பதிவு, டிஎன் 11, அதாவது தாம்பரம். சிங்கிள் ஓனர், 34,000 கிலோமீட்டர், கடன் எதுவும் இல்லை, காப்பீடு நடப்பில் இருக்கிறது. கேட்ட விலை 5.9 லட்சம், "பேசிக்கலாம் சார்" என்றார் விற்பனையாளர். வெள்ளை நிறம், பாலிஷ் போட்டு ஜொலித்தது. ஆசிரியைக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

கதவைத் திறந்ததும் வாசனைத் திரவியம் மூக்கில் ஏறியது. பழைய வண்டிக்கு வாசனை போடுவது சாதாரணம்தான். ஆனால் காலடியில் கிடந்த ரப்பர் மேட் தேய்ந்து பழசாக இருக்க, அதன் கீழே இருந்த தரை விரிப்பு புத்தம் புதிதாக இருந்தது. மெக்கானிக் எதுவும் சொல்லவில்லை. டிரைவர் சீட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, தண்டவாளத்தில் விரலை ஓட்டினார். சீட்டைத் தரையோடு பிணைக்கும் நான்கு போல்ட்டிலும் ஸ்பேனர் பட்ட தடம். ஐந்து வருட வண்டியில் சீட்டைக் கழற்ற வேண்டிய அவசியம் அரிதாகத்தான் வரும்.

அப்புறம் பின்சீட்டு பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்தார். அன்றாடம் வெளியே வரும் பகுதி சுத்தமாகத் துவைத்ததுபோல இருந்தது. சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி ஒரு முழத்தில் குறுக்காக ஒரு பழுப்புக் கோடு. அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம் துணி கரடுமுரடாகக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. ஸ்டெப்னி வைக்கும் குழியில் வெல்டிங் மடிப்புக்குள்ளும் அதே நிறத்து வண்டல்.

"முங்குன வண்டிங்க டீச்சர்" என்றார் மெக்கானிக், விற்பவர் காதில் விழாத தூரத்துக்கு வந்தபின்.

விற்பனையாளர் மறுத்தார். சர்வீஸில் ஷாம்பு வாஷ் செய்தபோது தண்ணீர் போயிருக்கும் என்றார். சந்தேகத்தைத் தீர்த்தது காப்பீட்டுப் பத்திரம். நோ கிளெய்ம் போனஸ் ஏறும் வரிசை எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான்: கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20, பிறகு 25, 35, 45, 50 சதவீதம். 2020 ஆகஸ்டில் வாங்கி, கிளெய்மே போடாத வண்டிக்கு 2025 ஆகஸ்ட் புதுப்பித்தலில் 50 இருக்க வேண்டும். இதில் 20 தான் இருந்தது. அப்படியென்றால் 2024 ஆகஸ்டில் அது பூஜ்யம். 2023 ஆகஸ்டுக்கும் 2024 ஆகஸ்டுக்கும் நடுவில் ஒரு கிளெய்ம் நடந்திருக்கிறது. தாம்பரம் பதிவுள்ள வண்டி, மிக்ஜாம் புயல் சென்னைப் புறநகரை மூழ்கடித்தது 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில்.

இதில் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். போனஸ் குறைந்திருந்தால் வெள்ள வண்டி என்று அர்த்தம் இல்லை. பம்பர் உடைந்து கிளெய்ம் போட்டிருந்தாலும் பூஜ்யமாகும். போனஸ் வண்டிக்குச் சேர்வதல்ல, உரிமையாளருக்குச் சேர்வது, எனவே கை மாறிய வண்டியிலும் அது புதிதாகத் தொடங்கும். இங்கே ஒரே உரிமையாளர், பெல்ட்டில் கோடு, குழியில் வண்டல், கழற்றிய சீட்டு, இவற்றோடு அந்தத் தேதியும் சேர்ந்ததால்தான் அது சாட்சி ஆனது.

விற்பவர் அதே இடத்தில் 5.2 லட்சத்துக்கு இறங்கினார். கணவர் சற்றுத் தடுமாறினார். இன்ஜின் நன்றாக ஓடுகிறது, ஏசி குளிர்கிறது, 70 ஆயிரம் குறைகிறது. அவரிடம் மெக்கானிக் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, இரண்டு முனையில் பச்சை பூத்திருந்ததைக் காட்டினார். இன்ஜினில் தண்ணீர் போயிருந்தால் திறந்து பார்த்துச் சரி செய்துவிடலாம். வயரிங் கட்டுக்குள் போன தண்ணீர் எந்தக் கனெக்டரை, எந்த மாதத்தில் அரிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி இந்த மாதிரி வண்டிகளில் தரையோடு ஒட்டித்தான் இருக்கிறது. மாமியாரை ஏற்றிப் போக வாங்கும் வண்டி. அதை விட்டுவிட்டு வந்தோம்.

இரண்டாவது வண்டி: இரும்பு சுத்தம்

தீபாவளி முடிந்து ஒரு தெரிந்தவர் மூலம் பொள்ளாச்சி பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்தின் ஹோண்டா ஜாஸ் பற்றித் தெரிந்தது. 2018 ஜூன் பதிவு, பெட்ரோல், மேனுவல் கியர், 71,000 கிலோமீட்டர், கேட்ட விலை 5.4 லட்சம்.

ஜாஸ் உற்பத்தி இந்தியாவில் 2023-ல் நின்றுவிட்டது. பாகம் கிடைக்குமா என்று கணவர் கவலைப்பட்டார். 1.2 லிட்டர் இன்ஜின் அமேஸில் இருக்கும் அதே குடும்பத்து இன்ஜின், எனவே இன்ஜின், கிளட்ச் சம்பந்தமான சாமான்களுக்குப் பயம் இல்லை. கதவு, விளக்கு போன்ற பாடி பாகங்களுக்குத்தான் காத்திருக்க நேரலாம். நின்றுபோன மாடல் என்பதால் மறுவிற்பனை மதிப்பு குறையும். விற்கும்போது அது நஷ்டம், வாங்கும்போது லாபம். பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு இது நல்ல கணக்கு.

வண்டி தோப்பு வீட்டுச் செட்டில் தூசி படிந்து நின்றது. இடது பின்கதவில் ஒரு ஒடுக்கு, அதை மறைக்க யாரும் முயலவில்லை. பின்சீட்டின் இருக்கைப் பகுதியைத் தூக்கி நிறுத்தினால் கீழே தேங்காய் நார், ஒரு சுருட்டிய சாக்கு, 2022-ம் வருட உர ரசீது. ஜாஸில் பின்சீட்டை அப்படி மடக்கிவிட்டால் உயரமான சாமான் நிற்கும், வண்டியை வைத்திருந்தவர் அதை முழுதாகப் பயன்படுத்தியிருக்கிறார். சீட்டு போல்ட்டில் ஒரு கீறல் இல்லை. பெல்ட் கடைசிவரை ஒரே நிறம். அடிப்பக்கத்தில் செம்மண் இருந்தது, துரு இல்லை.

பேட்டரி செத்திருந்தது. டிராக்டர் பேட்டரியிலிருந்து வயர் போட்டுத்தான் கிளப்பினார்கள். கிளட்ச் மிதி கனமாக இருந்தது, மேலே வந்துதான் பிடித்தது, ஆயுள் முடியப்போகிறது. டயர் நான்கிலும் 2019-ம் ஆண்டு முத்திரை. பானெட்டுக்குள் ஒரு வயரின் மேல்தோலை எலி கடித்திருந்தது. காப்பீடு காலாவதியாகியிருந்ததால் சாலையில் ஓட்டிப் பார்க்கவில்லை. தோப்புக்குள் இருக்கும் பாதையிலேயே மூன்றாவது கியர் வரை போட்டுப் பார்த்தார் மெக்கானிக். முன்பக்க சஸ்பென்ஷனில் லிங்க் ராடு தட்டியது, மற்றபடி குறை இல்லை.

சர்வீஸ் பதிவுகள் வரிசையாக இருந்தன. 2018-ல் தயாரான தன் கார்கள் பலவற்றை எரிபொருள் பம்ப் மாற்ற ஹோண்டா 2020-ல் திரும்ப அழைத்தது, அதில் ஜாஸும் உண்டு. இந்த வண்டிக்குப் பம்ப் மாற்றிய பதிவும் இருந்தது.

ஆசிரியைதான் ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் பெயரைப் படித்தார். "இது யாருங்கம்மா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரருங்க. மாசி மாசம் தவறிட்டாரு" என்றார் அந்த வீட்டு அம்மா.

காகிதத்தில் இருந்த மூன்று முடிச்சுகள்

பெரியவர் இறந்தது 2025 பிப்ரவரியில். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும், வாரிசு பெயருக்கு மாற்ற மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. துக்க வீட்டில் காரின் ஆர்.சி. யாருக்கு நினைவு வரும்?

அடுத்தது கடன். 2023-லேயே கட்டி முடித்துவிட்டார், வங்கி தடையில்லாச் சான்றும் கொடுத்திருக்கிறது. அதைப் பதிவு அலுவலகத்தில் கொடுத்து ஹெச்.பி.யை, அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை, நீக்காமல் பீரோவில் வைத்துவிட்டார். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே நின்றது. சான்றின் செல்லுபடிக் காலமோ முடிந்துவிட்டது.

மூன்றாவது காப்பீடு. ஜூனில் முடிந்துபோய், இறந்தவர் பெயரில் புதுப்பிக்கவும் முடியாமல் கிடந்தது.

இவை தவிர சிக்னல் மீறியதாக ஒரு இ-சலான் பாக்கி. அதை மகன் அங்கேயே செல்போனில் கட்டிவிட்டார்.

புரோக்கர் சொன்ன குறுக்கு வழி

பேச்சில் ஒரு புரோக்கரும் இருந்தார். அவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. "பேர் மாத்துற படிவம் 29, 30-ல பையன் அப்பா மாதிரியே கையெழுத்துப் போட்டுருவாரு சார். ஓடிபி பெரியவர் நம்பருக்குத்தான் வரும், அந்த சிம்மு அம்மாகிட்டதான இருக்கு? பத்து நாள்ல உங்க பேருக்கு வந்துரும்." இப்படி எத்தனையோ வண்டி மாற்றியிருப்பதாகவும் சொன்னார். பொய் இருக்காது.

ஆசிரியையின் கணவர் இதற்குச் சம்மதிக்கும் நிலையில்தான் இருந்தார். பலேனோ போய்விட்டது, இதுவும் போனால் மறுபடி அலைய வேண்டும் என்ற சலிப்பு அவருக்கு. நான் சொன்னது இதுதான்: இறப்பு அரசுப் பதிவேட்டில் ஏறிவிட்டது. இறந்த தேதிக்குப் பின் அவர் ஓடிபி கொடுத்து வண்டி விற்றதாகக் கணினியில் நேரத்தோடு பதிவாகும். அது போலிக் கையெழுத்து, ஆள்மாறாட்டம். நாளை ஒரு பெரிய விபத்து நடந்து காப்பீட்டு நிறுவனம் பழைய ஆவணங்களைத் தோண்டினால், உரிமை மாற்றமே செல்லாது என்ற வாதம் முதலில் வரும். பாதிக்கப்படுவது வாங்கியவர்.

மகனுக்கு வேறொரு யோசனை. ஒரு டீலர் 5 லட்சத்துக்கு அப்படியே ஓபன் பேப்பரில், அதாவது பதிவில் பெயர் மாற்றாமலே, எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். விற்ற வண்டி பதிவில் பெயர் மாறாமல் விபத்தில் சிக்கினால், பதிவில் இருப்பவரே உரிமையாளராக இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பதிவில் இருப்பவர் இறந்திருந்தால் வழக்கு அவர் விட்டுப்போன சொத்தைத் தேடித்தான் வரும், அதாவது தோப்பை. இதைக் கேட்டதும் மகனைவிட முதலில் அம்மாதான் பேசினார். "அதெல்லாம் வேண்டாங்க. முறையா மாத்தியே குடுத்தரலாம்."

எடுத்த முடிவும் காரணமும்

இரண்டு வண்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது முடிவு சுலபமாகவே வந்தது. பலேனோவின் காகிதத்தில் திருத்த எதுவும் இல்லை, வண்டியில் இருந்த குறைக்கு முடிவுத் தேதியும் இல்லை. ஜாஸின் குறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு அலுவலகம், ஒரு படிவம், ஒரு தொகை உண்டு. தாமதமாகலாம், தீர்ந்துவிடும்.

விலை 4.7 லட்சத்துக்குப் பேசி முடித்தார்கள். டயர், கிளட்ச், பேட்டரி, நின்றுபோன மாடல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் குறைத்தது. முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதினார்கள். முன்பணம் 20 ஆயிரம், அம்மாவின் வங்கிக் கணக்குக்கு மட்டும். வாரிசு பெயருக்கு மாற்றுவதும் ஹெச்.பி. நீக்குவதும் விற்பவர் செலவு. ஆர்.சி. அம்மா பெயரில் வந்தபின்தான் மீதிப் பணம், அதுவரை வண்டி தோப்பிலேயே நிற்கும். கெடு 45 நாள், தவறினால் முன்பணம் திரும்ப வரும். நவம்பர் முதல் வாரத்தில் கையெழுத்தானது.

அடுத்து நடந்தது

வங்கி சுலபமாக முடிந்தது. இறப்புச் சான்றைக் காட்டியதும் புதிய தடையில்லாச் சான்றும் ஹெச்.பி. நீக்கும் படிவம் 35-ம் கொடுத்தார்கள்.

வாரிசுச் சான்றிதழ்தான் இழுத்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஏறி வட்டாட்சியரிடம் போக வேண்டும். நவம்பர் 4 முதல் தமிழ்நாடு முழுக்க வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் யாரைத் தேடினாலும் படிவத்தோடு வெளியே போயிருந்தார்கள். சான்றிதழ் வந்தபோது டிசம்பர் பாதி தாண்டிவிட்டது.

அதில் மனைவி, மகன், மகள் என மூன்று வாரிசுகள். வண்டி அம்மா பெயருக்கு மாற மற்ற இருவரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். மகள் சிங்கப்பூரில். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினார்.

அதற்குள் கெடு முடிந்துவிட்டது. மகன் போன் செய்து, அலைச்சலும் செலவும் கூடிவிட்டது, 15 ஆயிரம் சேர்த்துக் கொடுங்கள் என்றார். ஒப்பந்தப்படி கொடுக்கத் தேவையில்லை. கணவர் 8 ஆயிரத்துக்குச் சம்மதித்தார். எனக்கு அதில் தவறு தெரியவில்லை, அவர்கள் நினைத்திருந்தால் அதே டீலரிடம் தள்ளிவிட்டிருக்கலாம்.

கடைசியில் ஒரு வேடிக்கை. வாரிசு பெயருக்கு மாற்றும் படிவம் 31-ஐ ஏற்க நடப்புக் காப்பீடு வேண்டும் என்றது பதிவு அலுவலகம். காப்பீடு கொடுக்க அம்மா பெயரில் ஆர்.சி. வேண்டும் என்றது காப்பீட்டுக் கிளை. இரண்டு இடத்துக்கும் நடந்தபின், வாரிசுச் சான்றையும் இறப்புச் சான்றையும் வைத்து மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் அம்மா பெயரில் கொடுக்க வேறொரு கிளையில் ஒப்புக்கொண்டார்கள். புகைச் சான்று எடுத்து, தாமதக் கட்டணம் கட்டி, பொங்கல் கழிந்து ஆர்.சி. அம்மா பெயரில் வந்தது. அங்கிருந்து ஆசிரியை பெயருக்கு மாறுவது வழக்கமான 29, 30 தான், பிப்ரவரியில் முடிந்தது.

வண்டி கைக்கு வந்தபின்

எலி மறுபடி வேலையைக் காட்டியிருந்தது. இந்த முறை இன்ஜினுக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் வயரே துண்டாகியிருந்தது. வயரிங், பேட்டரி, டயர் நான்கு, லிங்க் ராடு எல்லாம் முதல் வாரத்திலும் கிளட்ச் அடுத்த மாதமும் மாற்றினார்கள். ரிப்பேருக்கு மொத்தம் 54 ஆயிரம் ஆனது. ஒதுக்கியதைவிட 4 ஆயிரம் கூடுதல், ஆனால் வண்டி விலையோடு சேர்த்தால் 5.32 லட்சம், நினைத்ததற்குள்ளேயே அடங்கியது. முழுக் காப்பீடு புதிதாக எடுத்தார்கள். மாமியார் முன்சீட்டில் பிடிமானம் இல்லாமலே ஏறி உட்காருகிறார். பின்கதவு ஒடுக்கைச் சரிசெய்யவில்லை.

மறுபடி செய்தால்

பொள்ளாச்சிக்குக் கிளம்பும் முன்பே போனில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ஆர்.சி.யில் இருப்பவர் யார், கையெழுத்துப் போட அவர் நேரில் வருவாரா என்பது. வண்டி எண் கொடுத்தாலே ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருக்கிறதா என்பதும் காப்பீட்டுத் தேதியும் அரசின் எம்பரிவாகன் செயலியில் தெரிந்துவிடும். இவை முன்பே தெரிந்திருந்தால் முதல் சந்திப்பிலேயே விலையை இன்னும் கீழே தொடங்கியிருக்கலாம்.

ஒப்பந்தத்தில் 45 நாள் என்று போட்டது யாருக்கும் உதவவில்லை. வாரிசுச் சான்று தேவைப்படும் வண்டிக்கு 90 நாள் போட்டு, அதற்கு மேல் போனால் விலையில் என்ன மாற்றம் என்பதையும் எழுதியிருந்தால் அந்த 8 ஆயிரம் பேச்சே எழுந்திருக்காது.

நிற்கும் வண்டியை யார் பராமரிப்பது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. பேட்டரி முனையைக் கழற்றி வைப்பது, டயருக்குக் காற்று, பானெட்டைத் திறந்து வைத்து எலி அண்டாமல் பார்ப்பது, வாரம் ஒருமுறை படம் எடுத்து அனுப்புவது. தோப்பில் மூன்று மாதம் நிற்கும் வண்டிக்கு இதை எழுதாமல் விட்டதற்கு வயரிங் கடைக்காரர் வாங்கியது 3,500 ரூபாய்.

வண்டியின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதும் விடுபட்டது. பேட்டரி செத்திருந்ததால் தப்பான பிழைக் குறியீடுகள் வரும், பிறகு பார்ப்போம் என்று தள்ளி, பிறகு யாரும் பார்க்கவில்லை. மீதிப் பணம் கொடுக்கும் நாளன்று நல்ல பேட்டரி ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஸ்கேன் செய்திருந்தால், அறுந்த இன்ஜெக்டர் வயர் அங்கேயே தெரிந்திருக்கும். அந்த 3,500 ரூபாயும் விற்பவர் கணக்கில் போயிருக்கும்.